வியாதி ஒருவருக்கு, பங்கு எல்லோருக்கும்

(மாரெட்பள்ளி கிளையின் மாதாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கான்ஸர் வந்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை டாக்டர்கள் சொல்லிவிடுவார்கள். அந்த வீட்டில் இருக்கும் மற்றவர்கள் மனத்தை எப்படித் தாங்கிக்கொள்வது, அடுத்த வீட்டில் இருக்கும் நாம் எப்படி நடந்துகொள்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். என் கணவரை இரண்டரை வருஷம் கூட இருந்து பார்த்துக்கொண்டவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எல்லோருக்கும் தெரியும். 1923-ல் அவருடைய தங்கை கான்ஸரால் இறந்துபோனார். தானே டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கத்தை அவர் முப்பது வருஷம் மனத்தில் வைத்திருந்தார். 1952-ல் நேரு அஸ்திவாரக்கல் நாட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்ததுதான் அடையாறு கான்ஸர் இன்ஸ்டிட்யூட். நம் ஊர் பஞ்சாரா ஹில்ஸில் 2000-ல் திறந்த பசவதாரகம் ஆஸ்பத்திரிக்கும் இதே மாதிரி ஒரு பின்னணி உண்டு. என்.டி. ராமராவின் மனைவி 1985-ல் கான்ஸரால் காலமானார். அவர் பெயரைத்தான் அந்த ஆஸ்பத்திரிக்கு வைத்தார்கள்.

நம்மால் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. ஆனால் மனக்கஷ்டத்துக்கு ஒரு கைவேலை கொடுத்தால்தான் அது அடங்கும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் வீட்டுக்காரர்களுக்கு. நம் குடும்பங்களில், "அவருக்குச் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டார்" என்று சொல்வது வழக்கம். எங்களிடமும் பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு அப்படித்தான் சொன்னார்கள். நானும் பெண்ணும் யோசித்து, டாக்டரை வைத்துக்கொண்டே அவரிடம் சொல்லிவிட்டோம். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, "ஃபைலோட கவர்ல 'ஆன்காலஜி'ன்னு போட்டிருக்கே, எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதா?" என்றார். மூன்று பேரும் சிரித்தோம், அழுதோம். மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவரச் சொன்னார். பாங்க் கணக்கு, இன்ஷூரன்ஸ், பென்ஷன், எலக்ட்ரீஷியன் நம்பர், மோட்டார் ரிப்பேர் ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று தினம் அரைப் பக்கம் எழுதினார். கடைசிப் பக்கத்தில், "மாடிப்படி விளக்கை மறக்காமல் அணைக்கவும்" என்று இருக்கிறது. நாங்கள் மறைத்திருந்தால் அந்த நோட்டு எனக்குக் கிடைத்திருக்காது. எல்லோருக்கும் எல்லாம் ஒரே நாளில் தெரிய வேண்டும் என்பதில்லை. அவர் கேட்பதற்குப் பொய் சொல்லாமல் இருந்தால் போதும்.

இரண்டாவது, உறவினர்களுக்கும் சிநேகிதர்களுக்கும். 2013-ல் ஸூஸன் ஸில்க், பாரி கோல்ட்மன் என்ற இருவர் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் நல்ல யோசனை ஒன்றை எழுதினார்கள். ஒரு வட்டம் போட்டு நடுவில் நோயாளியை எழுதுங்கள். அடுத்த வட்டத்தில் மனைவி அல்லது கணவர், அதற்கு வெளியே பிள்ளைகள், பிறகு உறவு, பிறகு அக்கம்பக்கம். உங்களுக்கு உள்வட்டத்தில் இருப்பவரிடம் ஆறுதல் மட்டும் போக வேண்டும். உங்கள் புலம்பலையும் பயத்தையும் வெளிவட்டத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொள்ளலாம். பார்க்க வந்தவர் அழுது, நோயாளியின் மனைவி அவருக்குக் காபி கொடுத்துத் தேற்றுவதை நாம் எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்!

உபதேசமும் வேண்டாம். "இந்தக் கஷாயம் சாப்பிட்டு ஒருத்தருக்குக் குணமாயிடுத்து", "என்ன பாவமோ" போன்ற பேச்சுகளை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். இது தொற்றும் வியாதி அல்ல. தனி டம்ளர், தனித் தட்டு என்று ஒதுக்கினால் அவர் மனம் ஒடிந்துபோகும். ஆனால் கீமோதெரபி கொடுத்த பிறகு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் நம் ஜலதோஷம் அவருக்கு ஆபத்து. போன் செய்து கேட்டுவிட்டுப் போவது நல்லது. சாப்பாடு கொண்டுபோவதற்கு முன்பும் கேளுங்கள். வாய் புண்ணாக இருக்கும்போது காரமும் புளியும் ஆகாது. சிலருக்குத் தாளிக்கிற வாசனையே குமட்டும்.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்கோ" என்று எல்லோரும் சொல்வார்கள். வாய் திறந்து கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். "செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான் கார் எடுத்துண்டு வரேன்" என்று சொன்னால் அதுதான் உதவி. எதிர் வீட்டு மாமா ஒருவர் தினம் காலையில் வந்து பதினைந்து நிமிஷம் இவருக்குப் பேப்பர் படித்துக் காட்டிவிட்டுப் போவார். வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் நான் ஸ்நானம் செய்துவிட்டு வருவேன்.

மூன்றாவது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு. 1991-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் "கலிபோர்னியாவிலிருந்து வந்த மகள்" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வந்தது. தூரத்தில் இருக்கும் பிள்ளை கடைசி நேரத்தில் வந்து இறங்கி, அதுவரை எடுத்த முடிவுகளையெல்லாம் மாற்றச் சொல்வதைப் பற்றியது. நம் வீடுகளுக்கு இது உவமை இல்லை, விலாசமே அதுதான்! அவர்கள் கோபத்துக்குப் பின்னால் இருப்பது, கூட இல்லையே என்ற வேதனை. ஆகவே அவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள். எங்கள் பிள்ளை அங்கிருந்தபடியே ரிப்போர்ட்டுகளை ஒழுங்குபடுத்துவது, இன்ஷூரன்ஸ் பார்ப்பது, மருந்துக் கணக்கு எல்லாம் எடுத்துக்கொண்டான். அதன் பிறகு சண்டை வரவில்லை.

நான்காவது, பார்த்துக்கொள்கிறவருக்கு. நீங்கள் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், உங்கள் பி.பி. மாத்திரையை விடக்கூடாது. வாரத்தில் ஒருநாள் மாலை வேறு யாரையாவது உட்கார வைத்துவிட்டுக் கோவிலுக்கோ கடைக்கோ போய்வாருங்கள். அது துரோகம் இல்லை. தூக்கமே வராமல், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால் டாக்டரிடம் சொல்லுங்கள். அரசாங்கம் 2022-ல் ஆரம்பித்த டெலி-மானஸ் என்ற இலவச போன் சேவையின் நம்பர் 14416. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

கடைசிக் கட்டம் வந்தால் பயப்பட வேண்டியது வலியைப் பற்றித்தான். அதற்கும் வழி உண்டு. மார்ஃபின் என்றாலே முடிவு என்று அர்த்தமில்லை. டாக்டர் வலிக்குத் தக்க அளவு கொடுத்தால் மாதக்கணக்கில் சாப்பிட்டு நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். மலச்சிக்கல் வரும். அதற்கும் கூடவே மருந்து கேளுங்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்தி, ஆஸ்பத்திரிகளுக்கு இது கிடைப்பதைச் சுலபமாக்கினார்கள். ரெட் ஹில்ஸில் உள்ள எம்.என்.ஜே. அரசு ஆஸ்பத்திரியில் வலிநிவாரணப் பிரிவு இருக்கிறது. ரோட்டரி சங்கத்தார் 2011-ல் தொடங்கிய ஸ்பர்ஷ் ஹாஸ்பிஸில் கட்டணம் வாங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே சேர்ப்பது கைவிடுவது ஆகாது.

இவர் போய் நாலு வருஷம் ஆகிறது. பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரம் முடிந்ததும் வந்தவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், போன் நின்றுவிடும். ஆஸ்பத்திரி, மருந்து, கஞ்சி என்று ஓடிக்கொண்டிருந்தவருக்கு அன்று முதல் செய்ய வேலை இராது. அப்போதுதான் துக்கம் முழுதாகத் தெரியும். ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்றாம் மாதம் ஒருநாள் அந்த வீட்டுக்குப் போங்கள். போனவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் அழுவார்களே என்று தயங்க வேண்டாம். பெயரை யாரும் சொல்லாமல் இருப்பதுதான் அதிகக் கஷ்டம்.

நம் கிளையில் மாதம் ஒருநாள் கார் ஓட்டவும், வாரம் ஒரு மணி நேரம் நோயாளிக்குத் துணையாக உட்காரவும் முடிந்தவர்கள் காரியதரிசியிடம் பெயர் கொடுத்தால், ஒரு பட்டியல் தயாரிக்கலாம். மற்ற ஊர்க் கிளைகளும் இதைச் செய்யலாம். முதல் பெயராக என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.