நம் பள்ளிக்கூடத்துக்குத் தனிக் கட்டுரை வேண்டுமா?

(மும்பையில் நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் தோழர்களே!

இன்று ஒரு தீர்மானம் நம்முன் வைக்கப்பட்டிருக்கிறது. நம் வட்டாரத்து முனிசிபல் தமிழ்த் தொடக்கப் பள்ளியைப் பற்றி நம் இளைஞர்கள் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அதை விக்கிபீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தில் தனிக் கட்டுரையாக ஏற்ற வேண்டும், எவரேனும் நீக்க வந்தால் சங்கமே திரண்டு எதிர்க்க வேண்டும் என்பது தீர்மானம். பிள்ளைகளின் எண்ணம் நல்லது, உழைப்பும் பெரிது. என்றாலும் இதை இப்படியே நிறைவேற்றக் கூடாது என்று சொல்லத்தான் எழுந்திருக்கிறோம். முழுக்கக் கேட்டுவிட்டுப் பிறகு திட்டுங்கள்.

கலைக்களஞ்சியம் நமக்குப் புதிதல்ல. தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் 1954 முதல் பத்துத் தொகுதிகளாகத் தமிழில் கலைக்களஞ்சியம் வெளியிட்டார்கள். பெரியசாமித் தூரன் அதன் முதன்மை ஆசிரியர். அச்சில் வருவது அது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற கணக்கு அவர்களுக்கு இருந்தாக வேண்டும். 2001-இல் தொடங்கிய விக்கிபீடியாவுக்குக் காகிதச் செலவு கிடையாது. 2003 முதல் தமிழிலும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். "இடத்துக்குப் பஞ்சமில்லாதபோது நம் பள்ளிக்கு மட்டும் ஏன் இடமில்லை?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

அங்கே பஞ்சம் இடத்துக்கு அல்ல, சாட்சிக்கு. ஒரு பொருளைப் பற்றி அதனோடு ஒட்டுறவு இல்லாத, நம்பத்தக்க பிறர் விரிவாக எழுதியிருக்க வேண்டும் என்பது ஆங்கில விக்கிபீடியாவின் பொது விதி. பட்டியலில் ஒரு வரி வந்தால் போதாது. தொடக்கப் பள்ளி என்றால் பெரும்பாலும் தனிக் கட்டுரை நிற்பதில்லை. அந்த ஊர் அல்லது வட்டாரத்தின் கட்டுரைக்குள் அடக்கிவிடுவார்கள். உயர்நிலைப் பள்ளி இருக்கிறது என்று காட்டினாலே போதும் என்ற வழக்கம் வெகுநாள் இருந்தது. 2017-இல் நீண்ட விவாதம் நடத்தி, இருப்பது மட்டும் தகுதியாகாது என்று அதையும் இறுக்கிவிட்டார்கள். நீக்குவதா வேண்டாமா என்ற விவாதம் வழக்கமாக ஏழு நாள் நடக்கும். அங்கே தலை எண்ணுவதில்லை. நம் சங்கத்தில் கையுயர்த்தினால் தீர்மானம் நிறைவேறும்; அங்கே நாம் இருநூறு பேர் திரண்டு போய் "வேண்டும், வேண்டும்" என்று எழுதினாலும் "சான்று எங்கே?" என்று ஒரே ஒருவர் கேட்டால் அவர் பக்கமே தராசு சாயும். ஆள் திரட்டி வந்தார்கள் என்ற கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

அப்படியானால் எந்தத் தொடக்கப் பள்ளிக்கும் அங்கே இடமில்லையா? உண்டு. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து டோபீகா நகரில் மன்றோ தொடக்கப் பள்ளி என்று ஒன்று. கறுப்பினக் குழந்தைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பள்ளி. லிண்டா பிரவுன் என்ற சிறுமி அங்கே படித்தாள். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறொரு பள்ளி இருந்தது. ஆனால் அது வெள்ளையருக்கு. அவளுடைய தந்தை ரயில்வே பணிமனையில் வெல்டர். நம்மில் எத்தனை பேர் வெல்டர்! அவரும் மற்றப் பெற்றோரும் வழக்குத் தொடுத்தார்கள். இன வாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954 மே 17-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று அந்தப் பள்ளிக் கட்டடம் தேசிய வரலாற்றுச் சின்னம். 1960 நவம்பர் 14-இல் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி மத்திய அரசின் காவலர்கள் புடைசூழ நுழைந்தாளே, அந்த நியூ ஆர்லியன்ஸ் பள்ளியும் தொடக்கப் பள்ளிதான். இவற்றுக்கு இடம் கொடுத்தது கட்டடத்தின் உயரமா? பெற்றோர் போராடினார்கள், நீதிமன்றமும் பத்திரிகையும் எழுதி வைத்தன.

நம் பக்கம் வருவோம். சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்க 1920-இல் மன்றம் தீர்மானித்தது. நம் பள்ளியைப் போல அதுவும் ஒரு முனிசிபல் பள்ளிதான். மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதால் நூறாண்டு கடந்தும் பேசுகிறோம். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகி இறந்தார்கள். கலைக்களஞ்சியத்தில் அந்தத் தீ விபத்துக்குக் கட்டுரை உண்டு. அதற்கு முந்திய நாள்வரை அந்தப் பள்ளியைப் பற்றி எழுத வெளியூரிலிருந்து யார் வந்தார்கள்?

எரிந்தால்தான் எழுதுவார்களா என்று பின்னாலிருந்து ஒரு தாய் கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்வி, அம்மா. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். பத்திரிகைக்காரர் நடந்து போகும் தெரு ஒன்றல்ல. பணக்காரப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு நிருபர் போகிறார். சாலுக்கு நடுவில், கழிவுநீர்க் கால்வாயைத் தாண்டிப் போக வேண்டிய பள்ளிக்கு யார் வருகிறார்கள்? அந்தக் குறை கலைக்களஞ்சியத்துக்குள் வந்து முளைத்ததல்ல. நாட்டில் இருப்பது அங்கே போய்ச் சேர்கிறது. அங்கே சண்டை போட்டு அதைத் தீர்க்க முடியாது.

இளைஞர்களின் கட்டுரையை வரிவரியாகப் படித்தோம். "புகழ்பெற்ற பள்ளி" என்று தொடங்குகிறது. யாரிடம் புகழ்பெற்றது? நம்மிடம். அடுத்த வரி, "சுதந்திரம் வந்த காலத்தில் தொடங்கப்பட்டது." யார் சொன்னது? மூன்று பெரியவர்களைக் கேட்டோம். ஒருவர் 1948 என்றார், மற்றவர் 1951 என்றார், மூன்றாமவர் "நான் சேரும்போதே பள்ளிக்கூடம் இருந்தது, போ" என்று முடித்துவிட்டார்! பலகையில் ஆண்டு இருந்ததாம். வர்ணம் பூசியபோது மறைந்துவிட்டது.

தோழர்களே, இந்த மூன்று ஆண்டு வித்தியாசம் வெறும் கட்டுரைச் சமாசாரம் அல்ல. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை வந்த நாள் 1950 ஆகஸ்ட் 10. பிழைப்புக்காக வேறு மாநிலம் போனவர் அங்கே அந்த உரிமையைக் கோர முடியாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே இங்கே ஜாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், உன் தகப்பனோ பாட்டனோ அந்தத் தேதியில் இந்த மாநிலத்தில் குடியிருந்ததற்குச் சான்று கொண்டு வா என்கிறார்கள். ரேஷன் கார்டு வெள்ளத்தில் போயிருக்கும். குடிசைக்குப் பட்டா ஏது? தோல் பதனிடவும் மில்லில் உழைக்கவும் வந்த மனிதனின் பெயர் எந்தக் காகிதத்தில் இருக்கும்? பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த அன்று ஜெனரல் ரிஜிஸ்டரில் எழுதிய ஒரு வரி, பல குடும்பங்களுக்கு அந்த ஒன்றுதான் இருக்கிறது. முதல் ரிஜிஸ்டர் 1948-இல் தொடங்கினால் அந்த வரி செல்லும். 1951 என்றால் செல்லாது. பள்ளி எப்போது தொடங்கியது என்று கலைக்களஞ்சியம் கேட்கும் அதே கேள்வியைத்தான் சான்றிதழ் அலுவலகமும் கேட்கிறது.

ரிஜிஸ்டருக்கு என்ன மதிப்பு என்பதைச் சாத்தாராவில் போய்ப் பார்க்கலாம். 1900 நவம்பர் 7 அன்று ஒரு சிறுவன் அங்கே அரசுப் பள்ளியில் சேர்ந்தான். பீவா ராம்ஜி அம்பேத்கர் என்று பதிவேட்டில் எழுதினார்கள். எழுதிய குமாஸ்தாவுக்கு அது அன்றாட வேலை. இன்று அந்த ஏட்டைப் போற்றிப் பாதுகாக்கிறார்கள். 2017 முதல் மகாராஷ்டிரத்தில் அந்த நாள் மாணவர் நாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கசக்கும். தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு வசதி செய்ய வேண்டும் என்று 350-ஏ பிரிவு 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. நாம் என்ன செய்தோம்? தீர்மானம் கொண்டுவந்தவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள்? இங்கே நின்று பேசுகிற நம் வீட்டுப் பிள்ளைகளும் இங்கிலீஷ் மீடியம்தான். வேலை கிடைக்க வேண்டுமே என்று சேர்த்தோம். அதற்காக யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் வகுப்பில் பிள்ளை குறைந்தால் பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்ப்பார்கள், சேர்க்கும் நாளில் பீரோவிலிருக்கும் பழைய ஏடுகள் என்னவாகும் என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. கட்டுரை போனால் மறுபடி எழுதலாம். அந்த ஏடு பழைய பேப்பர்காரனிடம் போனால்?

ஆகவே தீர்மானத்துக்குத் திருத்தம் கொடுக்கிறோம். தனிக் கட்டுரையை இப்போது நிறுத்தி வைப்போம். நம் வட்டாரத்தைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் ஏற்கெனவே கட்டுரை இருக்கிறது. அதில் பள்ளிக்கு இரண்டு மூன்று வரி சேர்ப்போம். அரசுப் பதிவில் இருப்பதை மட்டும் எழுதுவோம், "புகழ்பெற்ற" என்ற சொல் இல்லாமல். கட்டடத்தை நாமே படம் எடுத்து ஏற்றலாம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் ஏற்பார்கள். பிள்ளைகளின் முகம் வேண்டாம்; ஆசிரியர்களையும் கேட்காமல் எடுக்க வேண்டாம். நம் மாத இதழில் எழுதுவதைச் சான்றாகக் காட்டலாமா என்று ஒரு தம்பி கேட்டார். காட்டினால் செல்லாது, தம்பி. நம் பள்ளிக்கு நாமே சாட்சி சொன்னதாகிவிடும். ஆனாலும் எழுதுவோம். நாளைக்கு ஆராய்ச்சிக்காரரோ நிருபரோ வந்தால் கையில் கொடுக்க ஏதாவது இருக்க வேண்டாமா? மராத்திப் பத்திரிகைக்காரர்களையும் நாமே போய் அழைப்போம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஐந்து பேர் கொண்ட குழு தலைமையாசிரியரைப் பார்க்க வேண்டும். முதல் ரிஜிஸ்டரின் முதல் பக்கத்தில் என்ன தேதி என்று கேட்க வேண்டும். பள்ளி இணைந்தாலும் ஏடுகள் எங்கே, யார் பொறுப்பில் இருக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அதில் பிறர் ஜாதியும் பிறந்த தேதியும் இருக்கின்றன. படம் பிடித்து வாட்ஸப்பில் சுற்ற விடாதீர்கள். அவரவர் வரிக்கு அவரவரே மனு கொடுத்து நகல் வாங்கட்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுத, கட்டுரை எழுதிய அதே இளைஞர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் உட்கார்வார்கள். பழைய வகுப்புப் படம் வைத்திருப்போர் எடுத்து வாருங்கள். இருப்பவர் பெயரைப் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள்; பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.