கலகக்காரர் கொடியில் எதை எழுதுவது?

(ஒரு கிராம வாசகசாலையின் நாடகக் குழுவினர் முன்னிலையில் நாம் பேசியது)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் சற்று விசித்திரமானதாகும். இவ்வூர் வாலிபத் தோழர்கள் வருகிற சனிக்கிழமை ஒரு நாடகம் போடுகிறார்கள். கதை முழுவதும் கற்பனை. எங்கும் இல்லாத ஒரு நாடு. அதற்கு ஒரு ராஜா. ராஜாவின் காதோரத்தில் ஒரு ராஜகுரு. குடிகளிடம் நெல் வாங்கும்போது பெரிய மரக்கால். அதே குடிகளுக்குக் கூலி அளக்கும்போது சிறிய மரக்கால். இது அநியாயமல்லவா என்று கேட்டால் ராஜகுரு சாஸ்திரத்தை எடுத்துக் காட்டுகிறான். கடைசியில் குடிகள் கலகம் செய்கிறார்கள். இந்தக் கலகக்காரர்களுக்கு ஒரு கொடி வேண்டுமாம். அதில் என்ன அடையாளம் போடலாம் என்று நாம் சொல்ல வேண்டுமாம்.

இல்லாத நாட்டில் இல்லாத மனிதன் பிடிக்கப் போகிற கொடிக்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அவர்கள் வரைந்து வைத்திருந்த ஏழு படங்களையும் பார்த்த பிறகு பேசத்தான் வேண்டும் என்று தோன்றிற்று. ஒன்றில் சிங்கம். இரண்டில் வாள். ஒன்றில் சக்கரம். ஒன்றில் திரிசூலம், அதை வரைந்த தோழர் நமது வாசகசாலையில் தினமும் பத்திரிகை படிக்கிறவர்! மற்றவைகளில் இடியும் மின்னலும் கழுகும் இருந்தன. ஏழு படத்தில் ஒன்றிலாவது அந்தக் கலகக்காரன் வீட்டிலிருந்து ஒரு சாமானைக் காணோம். எல்லாம் ராஜா வீட்டுச் சாமான்கள், இல்லாவிட்டால் கோயில் சாமான்கள்.

சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். ராஜா ஏன் புலியைப் போட்டுக் கொள்ளுகிறான்? குடிகள் தன்னைக் கண்டு நடுங்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்த ராஜாவை எதிர்த்துக் கிளம்புகிறவனும் ஒரு சிங்கத்தைத் தேடிப் பிடித்துக் கொடியில் ஒட்டினால், அவன் ராஜாவை மாற்ற வந்தவனே தவிர ராஜாங்கத்தை மாற்ற வந்தவனல்ல என்றுதான் நாம் கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, உண்மையாகவே கலகம் செய்தவர்கள் என்ன போட்டார்கள் என்று பார்ப்போம். ஜெர்மனி தேசத்துக் குடியானவர்கள் கதையைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம், அது நமக்கு மிகவும் உபயோகமானது.

ஏறக்குறைய ஐந்நூறு வருஷங்களுக்கு முன் அந்நாட்டுக் குடியானவன் பிரபுவுக்கும் மடாதிபதிக்கும் அடிமை. விளைச்சலில் பத்திலொரு பங்கு கோயிலுக்கு, அதற்குமேல் வரி, அதற்குமேல் வெட்டி வேலை. பிரபுக்கள் முள் வைத்த உயர்ந்த பூட்சு போட்டுக் குதிரையேறி வருவார்கள். குடியானவனுக்கு, கணுக்காலில் நீண்ட வாரினால் கட்டிக் கொள்ளும் தோல் செருப்புத்தான். அவர்கள் இரகசியமாகச் சங்கம் சேர்ந்தபோது அடையாளமாக எடுத்துக் கொண்டது அந்தச் செருப்பைத்தான்! சங்கத்திற்கே ‘பண்ட்ஷு’, அதாவது வார்ச்செருப்பு என்று பேர். 1493லும், 1502லும், 1513லும் இந்தப் பேரால் எழுச்சிகளுக்கு ஏற்பாடு நடந்தது.

தோழர்களே, செருப்பு என்றதும் இங்கே சிலர் சிரித்தீர்கள். சிரிக்க வேண்டாம். 1930ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் நமது இராமநாதபுரம் ஜில்லாவில் மேல்சாதியென்று சொல்லிக் கொண்டவர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுக் கட்டளைகள் போட்டார்கள். தங்கம் வெள்ளி நகை கூடாது, சட்டை கூடாது, பெண்கள் மார்பை மூடக் கூடாது என்ற வரிசையில், வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது என்பதும் ஒன்று. அது போதாதென்று அடுத்த வருஷம் ஜூனில் எட்டைப் பதினொன்றாக்கினார்கள். செருப்பில் என்ன இருக்கிறது என்று, கையில் கழற்றிப் பிடித்துக் கொண்டு தெருவைக் கடந்த கிழவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நிற்க. அந்த ஜெர்மானியர்களின் தலைவர்களில் ஜோஸ் ஃபிரிட்ஸ் என்று ஒருவன். 1502ல் அவன் செய்த ஏற்பாடு எப்படி வெளிப்பட்டது தெரியுமா? சங்கத்தைச் சேர்ந்தவன் ஒருவன் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக்குப் போய், மறைக்கக் கூடாதென்று இதையும் சேர்த்துச் சொல்லி வைத்தான். பாவம் போயிற்றோ இல்லையோ, பலபேர் தலை போயிற்று. ஜோஸ் தப்பிவிட்டான். 1513ல் மறுபடியும் முயன்றபோது அவனுக்கு வந்த பெரிய கஷ்டம் பணமுமல்ல, ஆயுதமுமல்ல. கொடி எழுத ஓவியன் கிடைக்கவில்லை! செருப்புப் படம் என்றதுமே ஒருவன் பயந்து மறுத்துவிட்டான். பிறகு ஹைல்ப்ரான் என்னும் ஊருக்குப் போய், தான் ஒரு சுவிட்சர்லாந்துக்காரன் என்றும், சண்டையில் உயிர் பிழைத்தால் மாதா கோயிலுக்கு ஒரு கொடி காணிக்கை செலுத்துவதாக நேர்ந்து கொண்டதாகவும், தன் தகப்பன் செருப்புத் தைக்கிறவனாகையால் அதில் ஒரு செருப்பும் வேண்டுமென்றும் கதை சொல்லி எழுதி வாங்கினானாம். பக்தியின் பேரைச் சொன்னால் எதுவும் நடக்கும் என்பது அந்த நாட்டிலும் அப்படித்தான்.

கொடி வந்தது. அதிலே என்ன இருந்தது? செருப்பு இருந்தது, அதன் பக்கத்தில் மண்டியிட்ட குடியானவன் இருந்தான். அவ்வளவோடு விட்டானா? சிலுவையில் ஏசு, பக்கத்தில் கன்னி மேரி, ஞானஸ்நானம் கொடுத்த யோவான், அதற்கு மேல் போப்பாண்டவர், சக்கரவர்த்தி! கடவுளே, உமது நீதிக்குத் துணை நில்லும் என்ற கருத்தில் ஒரு வாசகமும் எழுதியிருந்தது. பாருங்கள், எந்த மடாதிபதிக்கு அடிமையாயிருக்க மாட்டோம் என்று கிளம்பினார்களோ, அந்த மடாதிபதிக்கெல்லாம் பெரிய மடாதிபதியின் படம் கொடியிலே! நிமிர்ந்து நிற்க வேண்டிய குடியானவன் தன் சொந்தக் கொடியிலும் மண்டிதான் போட்டிருந்தான். நாம் அவனைக் குறை சொல்ல வரவில்லை. அவனுக்குத் தெரிந்த நியாயமெல்லாம் கடவுள் நியாயம் ஒன்றே. வேறு நியாயம் உண்டென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஏற்பாடும் காட்டிக் கொடுக்கப்பட்டு ஒழிந்தது.

1525ல் பெரிய யுத்தமே வந்தது. அதன் தலைவர்களில் தாமஸ் மூன்சர் என்பவர் ஒரு பாதிரியார். ஏழைகளிடத்தில் மெய்யான அன்பு கொண்டவர். அவருடைய கொடி வெள்ளைப் பட்டு; அதில் வானவில். வானவில் ஏன்? பிரளயத்திற்குப் பிறகு கடவுள் நோவாவுக்குக் கொடுத்த வாக்குறுதியின் அடையாளம் வானவில் என்று பைபிளில் இருக்கிறது. கடவுள் நம்மைக் கைவிட மாட்டார் என்பது அதன் அர்த்தம்.

அவ்வருஷம் மே மாதம் 15ந் தேதி. பிராங்கன்ஹௌசன் என்ற ஊரின் பக்கத்துக் குன்றில் சில ஆயிரம் குடியானவர்கள் நிற்கிறார்கள். கையில் கவைக்கோலும் அரிவாளும் சில துப்பாக்கிகளும். எதிரே பிரபுக்களின் குதிரைப்படையும் பீரங்கியும். அந்தச் சமயம் பார்த்து வானத்தில் சூரியனைச் சுற்றி ஒரு வட்டம் கட்டிற்று. ‘அதோ, நமது கொடியிலுள்ள வில்! கடவுள் அடையாளம் காட்டி விட்டார்’ என்று கூட்டம் ஆரவாரித்தது. ஓடவுமில்லை, அணிவகுக்கவுமில்லை, துதிப்பாட்டுப் பாடிக் கொண்டு நின்றார்கள். பீரங்கி வெடித்தது. அன்று மாண்ட குடியானவர்கள் ஐயாயிரத்துக்கு மேல் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். பிரபுக்கள் பக்கத்தில் இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூன்சரைப் பிடித்துச் சித்திரவதை செய்து 27ந் தேதி தலையை வெட்டினார்கள்.

சூரியனைச் சுற்றி வட்டம் என்பது என்ன? மிக உயரத்தில் மெல்லிய மேகத்திலிருக்கும் பனித்துகள்களில் வெளிச்சம் புகுந்து வளைவதால் உண்டாகிற காட்சி. நம் ஊர்க் குடியானவனும் பார்த்திருக்கிறான். அவன் அதைக் கண்டால் மழை வருமா என்று நெல்லைத் தூற்றுகிற வேலையை முடிக்கப் பார்ப்பானே தவிர, பீரங்கி முன்னால் போய் நிற்க மாட்டான். ஆனால் அதையே கொடியில் எழுதி, அதற்குத் தெய்வீக அர்த்தம் சொல்லி, அதைப் பார்த்துப் பார்த்துப் பழகி விட்டால் அப்புறம் வானத்தைப் பார்க்கும் கண்ணும் கெட்டுவிடுகிறது. அன்று கொல்லப்பட்டவர்களின் நியாயம் பெரிய நியாயம். கொடிதான் அவர்களுக்குப் பொய் சொல்லிற்று.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு நம் நாடகத்துக்கு வருகிறோம். ருஷ்யாவில் 1918ல் புதிய அரசாங்கத்துக்கு முத்திரை தயாரித்தபோது சுத்தியல், அரிவாளோடு ஒரு வாளையும் வரைந்திருந்தார்கள். லெனின் அந்த வாளை எடுத்துவிடச் சொன்னார். அவர் ஆட்சியில் வாளே இல்லாமலிருந்தது என்று நாம் சொல்லவில்லை, ஏராளமாக இருந்தது. ஆனாலும் அடையாளமாக நிற்க வேண்டியது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நமது இயக்கத்திலும் கொடிகள் மாறி வந்திருக்கின்றன. நீதிக்கட்சிக் கொடியில் தராசு இருந்தது. 1944ல் சேலத்தில் அது திராவிடர் கழகமான பிறகு, 1946ல் கறுப்புத் துணியும் நடுவில் சிவப்பு வட்டமும் கொண்ட கொடி வந்தது. கறுப்பு நம்முடைய இழிவுநிலை, சிவப்பு அதைப் போக்கும் முயற்சி. தோழர் கருணாநிதி தம் விரலைக் குத்தி இரத்தத்தால் அந்த வட்டத்தை மாதிரிக்கு எழுதிக் காட்டினார் என்று சொல்லப்படுகிறது. வாலிப உணர்ச்சி, வாழ்க. ஆனால் தையற்காரரிடம் போகும்போது சிவப்புத் துணிதான் கொடுக்க வேண்டும். இரத்தம் காய்ந்தால் பழுப்பாகிவிடும். அக்கொடியில் நமக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், ஓவியன் தயவு வேண்டியதில்லை. இரண்டு துண்டுத் துணியும் ஒரு சோற்றுத் தட்டும் இருந்தால் எவன் வீட்டிலும் செய்யலாம். ஜோஸ் ஃபிரிட்ஸ் பட்ட பாடு இல்லை.

இப்பொழுது உங்கள் கலகக்காரர்களுக்கு வருவோம். அவர்கள் எதற்காகக் கிளம்பினார்கள்? மரக்காலுக்காக. ஆகையால் கொடியிலும் மரக்காலைப் போடுங்கள். அதுவும் கவிழ்த்துப் போட்ட மரக்காலாக. இனி இதனால் அளக்க விடமாட்டோம் என்று எழுத்துத் தெரியாதவனுக்கும் விளங்கும். ‘மரக்காலில் என்ன வீரம் இருக்கிறது?’ என்று முன்வரிசைத் தோழர் முணுமுணுக்கிறார். தஞ்சாவூர் ஜில்லாவில் பண்ணையாட்களாக இருந்தவர்களின் பிள்ளைகளைக் கேட்டால் கள்ள மரக்காலின் வீரத்தை அவர்கள் சொல்லுவார்கள்.

செய்முறையையும் சொல்லிவிடுகிறோம். வெளுக்காத காடாத் துணி போதும். கறுப்புச் சாயத்தால் உருவத்தை நிரப்பி எழுதுங்கள். கோட்டுச் சித்திரம் வேண்டாம், பத்தாவது வரிசையில் இருக்கிறவருக்குத் தெரியாது. எழுத்து ஒன்றும் எழுதாதீர்கள். மறுபக்கத்தில் இடம் வலமாக மாறித் தெரியும். பந்தலுக்குள் காற்றிராது, துணி தொங்கித்தான் கிடக்கும். ஆகையால் படத்தை நடுவிலே போடாமல் கம்பை ஒட்டிப் போடுங்கள். எழுதியதும் ஐம்பது முழம் தள்ளி ஒரு சிறு பிள்ளையை நிறுத்தி, இது என்ன என்று கேளுங்கள். அது டப்பா என்று சொன்னால் பட்டைகளை இன்னும் அழுத்தமாகப் போடுங்கள்.

அப்புறம், மூன்றாவது காட்சியில் கொடிக்குச் சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நறுக்கி ஏற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். சபையோருக்கு உணர்ச்சி வரும் என்று காரணமும் சொன்னீர்கள். உணர்ச்சி வரும், கூடவே மறுநாள் அந்தக் கம்பைச் சுற்றி நாலு செங்கல்லும் வரும், அதற்கு அடுத்த வருஷம் உண்டியலும் வரும். ராஜகுருவை விரட்டுகிற நாடகத்தில் கலகக்காரன் கையில் ராஜகுருவின் தட்டைக் கொடுக்கலாமா? அந்தக் காட்சியை மாற்றுங்கள். நல்லநேரம் பார்த்து ஏற்றுகிற வசனத்தையும் அடித்துவிடுங்கள்.

கொடியைத் தூக்குகிற வேஷம் யாருக்கு என்று இரண்டு தெருவுக்குள்ளே ஒரு வாரமாகப் பேச்சு நடப்பதாகத் தலைவர் காதோடு சொன்னார். கொடி தைத்து முடிகிற வரையில் நாம் இதில் வாய் திறக்க வேண்டாம் என்று அவருக்கு எண்ணம். நாம் திறக்கத்தான் போகிறோம். கதையில் மரக்காலால் அதிகம் ஏமாந்தவன் யார்? கூலிக்காரன். அந்த வேஷத்தைப் போடுகிறவர் கீழத்தெருத் தோழர். கொடியும் அவர் கையில்தான் இருக்க வேண்டும். மேடையில், பொய்க் கலகத்தில், இரண்டு நாழிகை நேரத்துக்கு அவர் பின்னால் நடக்க முடியாதவர்கள் நாடகமே போட வேண்டாம். பணத்தைப் பந்தல்காரரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அப்படி யாராவது இருந்தால் இப்பொழுதே எழுந்து சொல்லட்டும்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சந்தோஷம். எடைத் தராசு வந்த பிறகு மரக்கால் எல்லார் வீட்டிலும் பரண்மேல்தான் கிடக்கும். யார் வீட்டிலாவது பட்டை கழலாத மரக்கால் ஒன்றிருந்தால் நாளைக் காலையில் வாசகசாலைக்குக் கொண்டு வந்து கொடுங்கள். பிள்ளைகள் அதைத் துணிமேல் வைத்துக் கரியால் அளவெடுத்துக் கொள்ளட்டும்.