அசையும் குழாய்
(நூற்றாண்டு விழாவில் வாசிக்கப்பட்ட உரை)

குச்சவெளியிலும் கடல் கடந்தும் வாழும் அன்புச் சகோதரிகளே,

உயிரியல் வகுப்பில் சிரிப்பை அடக்கிக்கொண்டு பலோப்பியன் குழாயைக் கீறிப் பெயரிட்டவர்கள் நாம். அது அசையும் என்று அப்போது நாம் நினைத்ததேயில்லை.

இத்தாலியரான பலோப்பியோ 1561 இல் விபரித்த அக்குழாய் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் நீளம். அதன் சுவரிலுள்ள மழமழப்பான தசை நம் விருப்பத்துக்கு அசைவதன்று; இரசாயனத் தூதுகளுக்கே பணிகிறது. சூல் வெளிவரும் காலத்தில் ஈஸ்திரஜன் மேலோங்கச் சுருக்கம் கூடுகிறது. பின்னர் புரோஜெஸ்தரோன் ஏறத் தசை தளர்கிறது. நரம்பு முனை விடும் நொரதிரனலினின் கதை வேடிக்கையானது: அல்பா வாங்கியில் பட்டால் சுருக்கும், பீற்றா வாங்கியில் பட்டால் தளர்த்தும். தூது ஒன்று, கேட்கும் காது வேறு!

கருக்கட்டிய முட்டை மூன்று நான்கு நாள் குழாயில் தங்கியே கருப்பையை அடைகிறது. பழைய கிருமித்தொற்றின் தழும்பு போன்றவற்றால் அந்த ஓட்டம் தடைப்பட்டால், கரு குழாயிலேயே பதிந்துவிடலாம். சில வாரங்களில் குழாய் வெடித்து, உள்ளே இரத்தம் பெருகும், உயிராபத்து.

நம்மூரிலிருந்து திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி 30 கிலோமீற்றருக்கு மேல். மாதவிலக்குத் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் நோ, தோள்மூட்டில் நோ, மயக்கம் கண்டால், மல்லித்தண்ணி கொடுத்து விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்சை அழையுங்கள், அது இலவசம். வெளிநாட்டுச் சகோதரிகளே, ஊருக்குக் கதைக்கும்போது தங்கைமாருக்கும் மருமக்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.