நஞ்சுக்கொடியில் ஒளியும் மலேரியா

மல்லாங்கிணறு பக்கம் கர்ப்பிணிக்கு மூன்று மாதம் கழிந்ததும் நர்ஸம்மா குடற்புழு மாத்திரை ஒன்றைக் கொடுப்பார். அல்பெண்டசோல், 400 மில்லிகிராம், ஒரே வேளை.

ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு என்ற குடற்புழு தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும். குடலைக் கவ்வி ரத்தம் குடிக்கும். நஞ்சுக்கொடியை அது தொடுவதில்லை. ஆனாலும் தாயின் ரத்தம் வெளுத்தால் பிள்ளைக்குப் போகும் பிராணவாயு குறைகிறது.

மலேரியாவோ நேராக நஞ்சுக்கொடிக்கே வந்துவிடுகிறது. மிக்கல் ஃபிரைட், பேட்ரிக் டஃபி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996-இல் இதன் சூட்சுமத்தைச் சொன்னார்கள். ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி புகுந்த சிவப்பணு, நஞ்சுக்கொடியிலுள்ள காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் என்ற பொருளில் பசைபோல ஒட்டிக்கொள்கிறது. அதனால் பிள்ளை எடை குறைந்து பிறக்கிறது.

விரல்நுனி ரத்தத்தில் அகப்படாமலேகூட அந்தக் கிருமி நஞ்சுக்கொடியில் பதுங்கியிருக்கும். மலேரியா மிகுந்த ஊர்களில் தலைச்சன் பிள்ளை சுமப்பவருக்கே ஆபத்து அதிகம். அடுத்தடுத்த கர்ப்பங்களில் உடம்பு எதிர்ப்புச் சக்தியைச் சேர்த்துக்கொள்கிறது.