துன்பமும் விசுவாசமும்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் மகிழ்ச்சியான செய்திகளைப் பேசுவதே மரபு. இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் படிக்க வைத்த பிள்ளைகளைக் குறித்து எனக்கு முன் பேசியவர்கள் நிறைவாகவே எடுத்துரைத்தார்கள். எனக்கு அளிக்கப்பட்ட தலைப்போ, 'துன்பமும் கிறிஸ்தவ விசுவாசமும்' என்பது. இங்கே கூடியிருப்பவர்கள் அனைவரும் கிறிஸ்தவர்கள் அல்லர் என்பதை அறிவேன். ஆயினும் துன்பத்தை அறியாதவர் இங்கு ஒருவரும் இலர். கருணாபுரத்தில் நின்றுகொண்டு இத்தலைப்பில் பேசுகிறவன் நூல்களைப் புரட்டிப் பேசிவிட்டுப் போக முடியாது. ஆகவே நான் செய்த தவறு ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்ததை உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65 பேருக்கும் மேல் மாண்டனர். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுவை மருத்துவமனைகளுக்கு நம் பெண்கள் ஓடிய ஓட்டத்தையும், கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதைகள் எரிந்ததையும் பார்த்தவர்கள் நீங்கள். அந்நாள்களில் ஒரு வீட்டிற்கு நானும் சென்றேன். தந்தையை இழந்து திண்ணையில் அமர்ந்திருந்தவன் என் மாணவன். என்ன சொல்வது என்று தோன்றாமல், அவன் தோளில் கை வைத்து, "எல்லாம் கர்த்தருடைய சித்தம், தம்பி" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். "சார், அது கர்த்தர் சித்தமா, சாராயம் வித்தவன் சித்தமா?" என்று கேட்டான்.

முப்பது ஆண்டுகளாகக் கேள்வி கேட்டே பழகியவன் நான். அன்று விடை சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தேன்.

யோபின் வரலாற்றை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து சாம்பலில் அமர்ந்திருந்த அவரைக் காண நண்பர்கள் வந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் ஒன்றே ஒன்று: ஏழு நாள் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. நானோ ஏழு நிமிடம்கூடப் பேசாமல் இருக்கவில்லை.

அவன் கேள்வியை எடுத்துக்கொண்டு திருமறைக்குத் திரும்பியபோது, யோவான் எழுதிய நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் கண்ணில் பட்டது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம், இவன் செய்ததா, இவனைப் பெற்றவர்கள் செய்ததா என்று இயேசுவிடம் விசாரிக்கிறார்கள். இந்தக் கேள்வி நமக்குப் புதியதன்று. நம் முன்னோர் சேரியில் பிறந்ததற்கும், அடிமைப்பட்டதற்கும், முற்பிறப்பில் அவர்கள் செய்த வினையே காரணம் என்று தலைமுறை தலைமுறையாக அவர்களுக்குச் சொல்லப்பட்டது. இயேசுவோ அவ்விரண்டு விடைகளையும் மறுத்துவிட்டார். கடவுளின் செயல் இவனிடத்தில் வெளிப்பட வேண்டும் என்று கூறி, மண்ணைக் குழைத்து அவன் கண்ணில் பூசினார். காரணம் கேட்டவர்களுக்கு அவர் காட்டியது ஒரு வேலை. லூக்கா எழுதியதில் மற்றொரு செய்தி உண்டு. சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் மாண்டனர். மாண்டவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று இயேசு தெளிவாகச் சொல்கிறார். கேட்டவர்களைத்தான் மனம் திரும்பச் சொல்கிறார்.

நம் ஊரில் அப்போது என்ன பேசினார்கள்? "குடிகாரர்கள், செத்தார்கள்" என்று வெளியிலிருந்து சிலர் பேசினார்கள். மெத்தனால் என்பது தொழிற்சாலைகளில் பயன்படும் பொருள். உடலுக்குள் அது பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுத்து, உயிரையும் குடிக்கிறது. (நான் கலைப் பட்டம் பெற்றவன், இதை எங்கள் வேதியியல் ஆசிரியரிடம்தான் கேட்டறிந்தேன்.) அதைக் கொண்டுவந்தவனும், கலந்தவனும், விற்றவனும், கண்டும் காணாமல் இருந்தவனும் மனிதர்களே. அவர்களைக் கண்டறிய ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் அமைந்தது. 2024 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ. வசம் ஒப்படைத்தது. மனிதர் செய்த குற்றத்தைக் கடவுளின் கணக்கில் எழுதுவது பக்தி ஆகாது. குற்றவாளிக்கு அது பெரிய உதவி.

அப்படியானால் விசுவாசம் எதற்கு? இதற்கு விடையாக நம் மலையோடு தொடர்புடைய ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். கல்வராயன் மலையைத் தினமும் பார்க்கிற நம் பிள்ளைகளில் பலருக்கு இக்கதை தெரியாது.

ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதியர் 1913ஆம் ஆண்டில் கொல்லிமலையில் குடியேறினர். பள்ளி, மருத்துவம், உழவு என்று மலைமக்களிடையே உழைத்தனர். கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன் மலை முதலிய சுற்றியுள்ள மலைகளுக்கும் செல்ல வேண்டும் என்பது அவர்கள் கனவு. 1929இல் காய்ச்சல் கண்டு ஜெஸ்ஸி மலையிலேயே இறந்தார். மகன் பால் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த சிறுவன். மரணச் செய்தி தந்தியில் வந்த பிறகும், தந்தை முன்னரே எழுதி அனுப்பிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தனவாம். நம் தெருவில் தந்தையை இழந்த பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஈவ்லின் திரும்பி வந்தார். மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தபோது வயது எழுபதை நெருங்கியிருந்தது. ஊருக்குப் போகாமல் மீண்டும் மலை ஏறினார். கீழே விழுந்து கால் முடங்கிய பின் இரண்டு கோல்களை ஊன்றியும், குதிரை மீது அமர்ந்தும் கல்வராயன் முதலான மலைகளில் சுற்றினார். நரம்புச் சிலந்தி நோயை ஒழிக்கப் பாடுபட்டார். 1974இல், தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார். கணவரின் சாவுக்கு விளக்கம் தேடி அந்த அம்மையார் மலை ஏறவில்லை. அவர் விட்டுச் சென்ற வேலை அங்கே கிடந்தது, அதை எடுத்துக்கொண்டார்.

மகன் பால் மருத்துவராகி 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று உலகம் நம்பிய காலம் அது. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் அவர் தவித்தபோது, நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருகிவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. இவ்வாறு பலரைக் கவனித்து அவர் கண்ட உண்மை, விரல்கள் அழிவதற்குப் பெருங்காரணம் வலி அற்றுப்போனதே என்பது. நெருப்பும் முள்ளும் எலியும் கடித்தாலும் உணராத கை எப்படிப் பிழைக்கும்? வலி கடவுள் அளித்த கொடை என்று அவர் பிற்காலத்தில் எழுதினார். துன்பத்தைக் காணாதவர் சொல்லியிருந்தால் நான் ஏற்றிருக்க மாட்டேன். தந்தையைப் பதினான்கு வயதில் இழந்தவர் சொன்னது இது.

இளைஞர்களே, நம் ஆண்கள் ஏன் குடிக்கிறார்கள்? மூட்டை சுமந்தவனைக் கேளுங்கள். "உடம்பு வலி தாங்கலை" என்பான். அவனை நான் பழிக்கமாட்டேன். நாள் முழுதும் சுமை தூக்கி, குறைந்த கூலி வாங்கி, அவமானத்தையும் சுமந்து வருகிறவன் வலியை மரக்கச் செய்யப் பார்க்கிறான். மரத்துப்போனபின் கூலி ஏன் குறைவு, வேலை ஏன் இப்படி என்ற கேள்வியும் மரத்துப்போகிறது. நான் அன்று அந்தத் திண்ணையில் செய்ததும் இதைத்தான். "கர்த்தருடைய சித்தம்" என்ற என் சொல்லும் ஒரு பாக்கெட் சாராயம்தான். அந்தப் பையன் அதை வாங்கிக் குடிக்கவில்லை.

சிலுவையைப் பற்றி நான் இன்று இப்படி எண்ணுகிறேன். சிலுவையில் அறையப்படுமுன் தரப்பட்ட மயக்க பானத்தை இயேசு ஏற்கவில்லை என்று மாற்கு எழுதுகிறார். இளமையில் இதைக் கடந்து போயிருக்கிறேன். இப்போது அந்த வரியில் நின்றுவிடுகிறேன். வலியை முழுதாக உணர்ந்த ஒருவரையே நாம் ஆண்டவர் என்கிறோம். ஆகவே நம் தெருவின் வலியை உணராத ஆராதனை எனக்கு ஆராதனையாகத் தோன்றவில்லை.

அந்த மாணவன் படிப்பை நிறுத்திவிட்டு மூட்டை தூக்கப் போனான். நம் சங்கத்து இளைஞர் இருவர் நான்கு முறை வீட்டுக்கு நடந்து அவனை மீண்டும் பள்ளிக்குக் கொண்டுவந்தனர். அவன் கேள்விக்கு நான் வாயால் விடை சொல்லவில்லை. அவனும் திரும்பக் கேட்கவில்லை. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 5,000 ரூபாயும், கல்விச் செலவும், வைப்புத்தொகையும் உண்டு என்று 2024இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ஒருவரை இழந்தவர்களுக்கும் உதவி அறிவிக்கப்பட்டது. அவை ஒவ்வொரு பிள்ளைக்கும் தவறாமல் சேர்கின்றனவா என்று வீடு வீடாகப் பார்ப்பது நம் வேலை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் வங்கிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று நிற்கிறார்கள்.

வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள். இரண்டு குடும்பங்களுக்கு மனு எழுத வேண்டியிருக்கிறது. கையெழுத்துத் தெளிவாக உள்ளவர்கள் இருவர், கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் என்னை வந்து பாருங்கள்.