பூட்டிய வார்டுக்குள் யார் எட்டிப் பார்ப்பது?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைவர் அவர்கள் என் பேச்சின் தலைப்பை அறிவித்தபோது முன்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். அது புதிதல்ல. நம் ஊரில் 'கீழ்ப்பாக்கம்' என்று சொன்னால் போதும், யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. இங்கே பம்பாயில் அதற்குத் தாணே, பூனாக்காரருக்கு எரவாடா. இந்தி பேசுகிறவருக்கு ஆக்ராவும் ராஞ்சியும். மலையாளிக்குக் குதிரவட்டம். ஒவ்வொரு மொழியும் ஓர் ஊரின் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறது. வசவாகிப் போன இடத்தில் என்ன நடக்கிறது என்று எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அரசாங்கத்துக்கு அது மிகவும் வசதி.

ஆலையில் அநியாயம் நடந்தால் தொழிலாளி கேட்டுக்கு வெளியே வந்து கொடி பிடிக்கலாம். விசாரணைக் கைதிக்குக்கூட வாய்தா என்று ஒரு நாள் வருகிறது. நீதிபதியைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லலாம். மனநோய் வார்டில் பூட்டி வைக்கப்பட்டவன் "என்னை அடிக்கிறார்கள்" என்று சொன்னால், அந்தச் சொல்லையே நோயின் அறிகுறி என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட முடியும். புகாரே நோயாகிவிடும் இடம் இந்த நாட்டில் இது ஒன்றுதான். ஆகவே இங்கே வெளியார் கண் கட்டாயம் வேண்டும். மருத்துவமனையை நடத்தும் இலாகாவே அதைச் சோதித்து, 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று தனக்குத்தானே நற்சான்றிதழ் கொடுத்துக்கொள்வதைக் கண்காணிப்பு என்று நாம் ஏற்க முடியாது.

வெள்ளைக்காரன் 1912-இல் ஒரு பைத்தியச் சட்டம் போட்டான். நோயாளியைச் சமூகத்திடமிருந்து பிரித்து அடைப்பதற்கான சட்டம் அது. ஆனாலும் அதில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு காப்பகத்துக்கும் மூன்று பேருக்குக் குறையாத பார்வையாளர்கள். அவர்களில் ஒருவராவது மருத்துவ அதிகாரி. மாதம் ஒரு தடவையாவது இரண்டு பேர் சேர்ந்து போய்க் கட்டடத்தின் ஒவ்வொரு பகுதியையும் பார்க்க வேண்டும். சிறைத்துறை ஐ.ஜி. தம் பதவியின் காரணமாகவே ஒரு பார்வையாளர். அந்த ஆட்சி நோயாளியை எந்தக் கணக்கில் வைத்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சுதந்திரம் வந்து 45 ஆண்டுகளுக்கு மேலும், 1993 வரை, நமக்கு இதே சட்டம்தான்.

பார்வையாளர் இருந்தும் என்ன ஆயிற்று? ராஞ்சியைப் பாருங்கள். காங்கேயில் இருந்த மானசிக் ஆரோக்கியசாலையின் அவலத்தை விவரித்து எண்பதுகளில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் போயிற்று. நீதிமன்றம் அதையே மனுவாக எடுத்துக்கொண்டது. என்ன உத்தரவு போட வேண்டியிருந்தது தெரியுமா? நோயாளிக்குச் சாப்பாட்டுச் செலவு நாளொன்றுக்குப் பத்து ரூபாய்க்குக் குறையக்கூடாது. குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும். மெத்தை, தலையணை, கம்பளி கொடுக்க வேண்டும். மருந்துக்கு வைத்திருந்த செலவு வரம்பை எடுக்க வேண்டும். ஒரு தலையணைக்காக டில்லியில் உச்ச நீதிமன்றம் கூட வேண்டி வந்தது, தோழர்களே! மாதா மாதம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர்களின் கண்ணில் அந்தத் தலையணை இல்லாதது படவே இல்லையா?

பட்டிருக்கும். பார்க்கிறவரும் பார்க்கப்படுகிறவரும் ஒரே சர்க்காரின் ஆட்களாக இருந்தால், வருகிற தேதி முன்கூட்டியே தெரிந்திருந்தால், பார்வை சடங்காகிவிடும். ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டும் தரை பளபளத்த கதையை இங்கே உட்கார்ந்திருக்கும் பழைய மில் தோழர்களிடம் கேளுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

1997-இல் ராஞ்சி, ஆக்ரா, குவாலியர் ஆகிய மூன்று மருத்துவமனைகளையும் கண்காணிக்கும் பொறுப்பை உச்ச நீதிமன்றம் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் கொடுத்தது. 1999-இல் ஆணையம் 37 அரசு மனநல மருத்துவமனைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. சிறைச்சாலை மாதிரிக் கட்டடங்கள் அப்போதும் அப்படியே நின்றன. இரண்டு ஆண்டு கழித்து, 2001 ஆகஸ்ட் 6-இல், நம் இராமநாதபுரம் சீமையில் ஏர்வாடியில் ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அது அரசு மருத்துவமனை அல்ல என்பது உண்மை. ஆனால் சங்கிலியைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் போயிருக்க வேண்டுமே!

இப்போது நம்மிடம் இருப்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 முதல் நடப்பில் இருக்கிறது. நல்ல சட்டம் என்றே சொல்வேன். சங்கிலியால் கட்டுவதற்குத் தடை. தனியறையில் அடைப்பதற்குத் தடை. மயக்க மருந்தில்லாமல் மின் அதிர்ச்சி கொடுப்பதற்குத் தடை. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள ஒருவரின் தலைமையில் மறுஆய்வு வாரியம். அதில் மருத்துவர்களோடு கூட, மனநோயை அனுபவித்தவர்களுக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் இடம் உண்டு. சம்மதமில்லாமல் ஒரு பெண்ணைச் சேர்த்தால் மூன்று நாளுக்குள், ஆணைச் சேர்த்தால் ஏழு நாளுக்குள் வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். யாரையாவது கட்டிப்போட நேர்ந்தால் அந்தக் கணக்கு மாதந்தோறும் வாரியத்துக்குப் போக வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தை ஊன்றிக் கவனியுங்கள். 1912 சட்டத்தில் மாதம் ஒரு பார்வை. 1987 சட்டத்தில் பார்வையாளர் ஐந்து பேருக்குக் குறையக்கூடாது, மாதந்தோறும் மூன்று பேராவது சேர்ந்து பார்க்க வேண்டும். புதிய சட்டத்தில் அந்த மாதப் பார்வை இல்லை. மூன்று ஆண்டுக்கு ஒரு தணிக்கை. இடையில் புகார் வந்தாலோ, ஆணையம் தானாக மனம் வைத்தாலோ சோதனை. வாரியம் காகிதத்துக்காகக் காத்திருக்கிறது. காகிதம் எழுத முடியாதவன் உள்ளே காத்திருக்கிறான். கெட்டுப்போன ஏற்பாட்டைச் சீர்செய்வதற்குப் பதிலாக அதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

இதன் பலன் என்ன? 2023 ஜனவரியில் அதே மனித உரிமை ஆணையம் நாட்டின் 46 அரசு மனநல நிறுவனங்களின் நிலை பரிதாபமானது, மனிதத்தன்மையற்றது என்று சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. குணமானவர்களையும் வெளியே விடாமல் வைத்திருக்கிறார்கள் என்றது. நம் மாநிலத்திலும் ஒரு மனநல மருத்துவரே பொதுநல மனுவோடு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். புதிய சட்டத்தின் ஆணையமும் வாரியங்களும் என்ன செய்கின்றன என்று நீதிமன்றம் அரசைக் கேட்க வேண்டியதாயிற்று.

தமிழ்ச் சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று பின்னால் ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. வேலை தேடி ரயிலேறி வந்து, கூலி கிடைக்காமல், தூக்கமில்லாமல், சித்தம் கலங்கித் தாதர் ஸ்டேஷனில் தமிழில் புலம்பிக்கொண்டிருப்பவனை நினைத்துப் பாருங்கள். போலீஸ் அவனை லாக்கப்பில் போடாமல் 24 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். அங்கே அவன் பேசுவது பிதற்றலா, அல்லது ஊர்ப் பெயரும் அப்பன் பெயருமா என்பதை மராத்தி மட்டும் தெரிந்த வார்டு ஊழியர் எப்படிப் பிரித்தறிவார்? அவரைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி டியூட்டியில் ஒற்றை ஆளாக நிற்கிறவருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கண்காணிப்பு; ஆள் பற்றாக்குறையை வெளியார் எழுதினால்தான் மந்திராலயத்தின் காதில் ஏறும். தெருவில் திரியும் நோயாளிகளைத் தேற்றி ஊருக்கு அனுப்பி, 2018-இல் மகசேசே விருது பெற்ற டாக்டர் பரத் வட்வானியின் கர்ஜத் இல்லத்தை நீங்கள் அறிவீர்கள். அந்த மாதிரி வேலையில் ஊரைக் கண்டுபிடிப்பதற்கு முன் மொழியைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

நோயாளிக்குப் புரியும் மொழியில் நோயையும் சிகிச்சையையும் சொல்ல வேண்டும் என்று 2017 சட்டமே சொல்கிறது. தணிக்கைக் குழுவில் உள்ளூர்ச் சமூகத்தின் பிரதிநிதிகளும் இருக்கலாம் என்று அதன் 67-ஆம் பிரிவு சொல்கிறது. உள்ளூர்ச் சமூகம் யார்? இரண்டு தலைமுறையாகத் தாராவியிலும் மாட்டுங்காவிலும் வேர்விட்டு, இந்த நகரத்தின் தோலையும் சாக்கடையையும் சுமந்தவர்கள் இல்லையா?

ஆகவே செயற்குழு முன் நான் வைப்பது இதுதான். தணிக்கைக் குழுவில் நம் பிரதிநிதிக்கு இடம் கேட்டு மாநில மனநல ஆணையத்துக்கு மனுக் கொடுப்போம். தெலுங்கர், கன்னடர், பீகார்த் தோழர்களின் சங்கங்களையும் கையெழுத்துப் போடச் சொல்வோம். தனித்துப் போனால் இதை மொழிச் சண்டையாக்கிவிடுவார்கள். வாரியத்துக்கு மாதா மாதம் போக வேண்டிய கட்டுப்போட்ட கணக்கு போகிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். முன்னறிவிப்பில்லாத மாதப் பார்வையை, குறிப்பாக இரவுப் பார்வையை, மறுபடியும் சட்டத்தில் சேர்க்கச் சொல்லி நம் எம்.பி.க்களை விடாமல் கேட்போம்.

மருத்துவமனை கூப்பிட்டால் போய்த் தமிழில் பேசிக் காட்டக்கூடியவர்களின் பட்டியல் ஒன்றும் வேண்டும். செயலாளரிடம் நோட்டு இருக்கிறது. வெளியே போகும்போது பெயரும் டெலிபோன் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள். இரவு ஷிஃப்ட் இல்லாதவர்கள் அதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.