தெரிந்த கதையைச் சொல்ல ஒரு வருடம்



டிசம்பர் மாதத்தில் ஒரு சேகர குருவானவரின் நாட்குறிப்பைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பொறுப்பில் பல சபைகள். ஒவ்வொன்றிலும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் விழா, வாலிபர் கூட்டம், வீடு வீடாகக் கேரல் பவனி. தொண்டை கட்டி நடுராத்திரி வீடு திரும்பினால், காலையில் யாருக்காவது அடக்க ஆராதனை. இதற்கு நடுவே 25-ஆம் தேதி விடியற்காலையில் பிரசங்க பீடம் ஏற வேண்டும். மற்ற நாட்களில் ஆலயத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்கூடப் புதுத்துணி உடுத்தி வந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பிரசங்கத்தை 24-ஆம் தேதி இரவு தயாரித்தால் என்ன வரும்? போன வருடத்துப் பிரசங்கம்தான் வரும்.

கேட்பவர்களுக்குக் கதை முழுக்கத் தெரியும் என்பதுதான் இதில் பெரிய சிக்கல். ஆனால் கதாகாலட்சேபம் கேட்கப் போகிறவர்களுக்குச் சீதை மீட்கப்படுவாள் என்பது தெரியாதா? பாகவதர் கதையை மாற்றுவதில்லை. நாம் இதுவரை நின்று பார்க்காத ஓர் இடத்தில் நிறுத்தி, இதைப் பார் என்கிறார்.

அப்படி ஓர் இடம் கிடைக்க வேண்டுமானால் வேதத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். சத்திரக்காரனைத் திட்டாத கிறிஸ்துமஸ் பிரசங்கம் அபூர்வம். லூக்காவின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சத்திரத்தில் இடமில்லை என்று இருக்கிறது. சத்திரக்காரன் என்று ஒருவன் அங்கே இல்லவே இல்லை. நாடகம் போட்டுப் போட்டு நாமாகச் சேர்த்துக்கொண்ட ஆள் அவன். சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை, காணிக்கைகள்தான் மூன்று. அவர்கள் வந்து சேர்ந்ததும் ஒரு வீட்டுக்கு, மாட்டுத் தொழுவத்துக்கு அல்ல. மேய்ப்பர்கள் மத்தேயுவில் கிடையாது, நட்சத்திரம் லூக்காவில் கிடையாது, மாற்குவில் பிறப்பின் கதையே கிடையாது. எல்லாவற்றையும் ஒரே பிரசங்கத்தில் கொட்ட வேண்டிய அவசியம் என்ன? கத்தோலிக்கத் திருச்சபை கிறிஸ்துமஸுக்கு நான்கு திருப்பலிகள் வைத்து, நான்குக்கும் தனித்தனி வாசகம் கொடுத்திருக்கிறது. முந்தின மாலை மத்தேயுவின் வம்ச வரலாறு, நள்ளிரவில் பிறப்பு, விடியலில் மேய்ப்பர்கள், பகலில் யோவானின் முதல் அதிகாரம். நான்கு வருடத்துக்கான சரக்கு அதிலேயே இருக்கிறது.

அவற்றில் எனக்குப் பிடித்தது பலரும் தாண்டிப் போகிற அந்த வம்ச வரலாறுதான். ஆபிரகாமில் தொடங்கி, பதினான்கு பதினான்கு தலைமுறைகளாக மூன்று கட்டு. ஆண்களின் பெயர்களாக அடுக்கிக்கொண்டே வந்த மத்தேயு, மரியாளுக்கு முன்பு நான்கு பெண்களை நுழைக்கிறார். சாராளோ ரெபெக்காளோ அல்ல. மாமனாரிடம் தனக்குச் சேர வேண்டியதைப் பெறுவதற்காக முகத்தை மூடிக்கொண்டு வழியோரம் உட்கார்ந்த தாமார். எரிகோவின் வேசி ராகாப். மோவாபிலிருந்து பிழைக்க வந்த விதவை ரூத். நான்காவது பெண்ணுக்குப் பெயரே போடவில்லை. உரியாவின் மனைவி என்று மட்டும் எழுதுகிறார். தாவீது ராஜா யாருடைய மனைவியை எடுத்துக்கொண்டு யாரைச் சாகக் கொடுத்தான் என்பது அந்த ஒரு வரியில் பதிவாகிவிடுகிறது. கல்யாணப் பேச்சென்று வந்தால் நம் வீடுகளில் மூச்சுவிடாமல் மறைக்கிற சங்கதிகளை மத்தேயு முதல் பக்கத்திலேயே வைக்கிறார். கிறிஸ்துமஸ் காலையில் இதைப் பேசலாமா என்று தயங்குபவர்கள் உண்டு. தாராளமாகப் பேசலாம்.

1519 ஜனவரி 1 அன்று சூரிச் நகரப் பேராலயத்தில் பொறுப்பேற்ற சீர்திருத்தவாதி உல்ரிக் சுவிங்லி, இதே வம்ச வரலாற்றிலிருந்துதான் பிரசங்கிக்கத் தொடங்கினார். அந்தந்த ஞாயிறுக்கென்று குறித்திருந்த பகுதிகளை ஒதுக்கிவிட்டு, மத்தேயுவை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். ஜெனீவாவில் இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினும் இந்த வழிதான். 1538-இல் ஊரைவிட்டு விரட்டப்பட்டவர், 1541-இல் திரும்பி வந்ததும் பழைய சண்டையைக் கிளறாமல், விட்ட வசனத்துக்கு அடுத்த இடத்திலிருந்து தொடர்ந்தார். இந்த வீம்பை ரசிக்கிறேன்.

ஆனாலும் என் ஓட்டு, ஞாயிறுதோறும் எதை வாசிப்பது என்று முன்கூட்டியே குறித்துவைக்கிற வாசக அட்டவணைக்குத்தான். கத்தோலிக்கத் திருச்சபையில் 1969-இல் வந்த முறைப்படி, ஞாயிறுகளில் ஓர் ஆண்டு மத்தேயு, அடுத்தது மாற்கு, பிறகு லூக்கா. அதைத் தழுவிய பொது அட்டவணை ஒன்று 1992-இல் பல புராட்டஸ்டன்ட் சபைகளுக்காக வெளிவந்தது. சி.எஸ்.ஐ. சபைகளில் தலைப்பும் வாசகங்களும் அல்மனாக்கில் வந்துவிடும். இப்படி ஒரு கடிவாளம் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல பிரசங்கியாரும் தனக்குப் பிடித்த பத்துப் பகுதிகளையே சுற்றிவருவார். சபைக் கணக்கில் பணம் குறைந்தால், தசமபாகம் கேட்கிற மல்கியா மூன்றாம் அதிகாரமும் வந்துவிடும்!

வருடம் முழுவதற்குமாகப் பிரசங்கத் திட்டம் போடுபவர் முதலில் ஈஸ்டரைக் குறிக்க வேண்டும். அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவே நகர்ந்துகொண்டிருக்கும். 2024-இல் மார்ச் 31. 2025-இல் ஏப்ரல் 20. லெந்து நாட்கள், பெந்தெகொஸ்தே எல்லாம் அதன் பின்னாலேயே நகரும். பிறகு ஊர்க் கணக்கு: அறுப்பின் பண்டிகை, அசனம், பள்ளித் தேர்வு, விடுமுறை வேதாகமப் பள்ளி. கடைசியில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகள். 2023-இல் நான்காம் ஞாயிறு டிசம்பர் 24-ஆம் தேதியே வந்தது. காலையில் காத்திருப்பைப் பற்றிப் பேசிவிட்டு அன்று இரவே பிறப்பைப் பேச வேண்டியிருந்தது. ஆகஸ்டிலேயே இதைப் பார்த்துவிட்டவர் தப்பித்தார். ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு காகித உறை வைத்து, கண்ணில் பட்ட செய்தியையும் துக்க வீட்டில் காதில் விழுந்த பேச்சையும் அவ்வப்போது எழுதிப் போட்டுவந்தால் போதும். டிசம்பரில் வெறுங்கையோடு உட்கார வேண்டியிராது.

எந்தத் திட்டமும் எதிர்பார்க்காத நாளும் வரும். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுனாமி நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் கன்னியாகுமரிக் கரையையும் அடித்துப்போட்ட காலை. கத்தோலிக்க அட்டவணையில் அன்றைய நற்செய்தி, யோசேப்பு குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடுகிற பகுதி. அந்தப் பொது அட்டவணையில் அதோடு ஏரோது பெத்லகேம் பிள்ளைகளைக் கொன்றதும், ராகேல் தேறுதலடையாமல் அழுவதும் உண்டு. பல வருடங்களுக்கு முன்பே குறித்துவைத்த வாசகம் அது. கடலோர ஊர்களில் அடுத்த வாரம் பேச வேண்டியிருந்தவர்கள், எதை எழுதி வைத்திருந்தாலும் அதை அப்படியே எடுத்திருக்க முடியாது. ஆனால் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு முன்னால் நிற்பதற்கு அவர்களுக்கு அந்த வேத பகுதி இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறைத்தான் நாம் அதிகம் கைவிடுகிறோம். ஆலயம் பாதி காலி, குருவானவருக்கு அசதி, யாரையாவது பேசச் சொல்லிவிடுவது வழக்கம். வருடத் திட்டத்தில் அந்த ஞாயிறை முதலில் எழுதிவிட வேண்டும் என்பேன். ஏரோதுக்கும் ராகேலுக்கும் அங்கே இடம் ஒதுக்கிவிட்டால், 25-ஆம் தேதிப் பிரசங்கத்தில் உலகத்துத் துயரத்தையெல்லாம் அடைக்க வேண்டாம். சந்தோஷத்தை மட்டும் பத்து நிமிடத்தில் சொல்லி இறங்கலாம். ஐந்தாம் நூற்றாண்டில் ரோமின் ஆயராக இருந்த முதலாம் லியோவின் கிறிஸ்துமஸ் உரைகள் பத்து இன்று நம் கையில் இருக்கின்றன. எல்லாமே சுருக்கமானவை. பந்தலில் பிள்ளைகள் மடியில் தூங்கிவிழ, பின்வரிசையில் நின்றுகொண்டிருப்பவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.